போன்சாயின் அடிமரமும் கிளைகளும்: தூர் முதல் நுனி வரை படிப்படியாக உருவாக்கும் முறை

ஒரு போன்சாய் முதிர்ந்த மரமாகத் தோன்றுவதும், தொட்டியில் நட்ட செடியாகவே தோன்றுவதும் அதன் உயரத்தையோ வயதையோ மட்டும் பொறுத்தவை அல்ல. அகன்று மண்ணைப் பற்றியிருக்கும் தூர், மேலே போகப் போகச் சீராக மெலியும் அடிமரம், தொடக்கத்தில் தடித்தும் நுனியில் நுணுகியும் பிரியும் கிளைகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. இவற்றை உருவாக்க நம் கையில் இருப்பவை அடிப்படையில் இரண்டே செயல்கள்: மரத்தை வளர விடுவது, வெட்டுவது. வளர விட்டால் பருமன் கூடும். வெட்டினால் பிரிவுகள் கூடும். ஒன்று நடக்கும்போது மற்றொன்று தடைப்படும் என்பதால், எந்தக் கட்டத்தில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பென்சில் பருமனுள்ள கன்றை வாங்கியதும் அழகிய சிறு தொட்டியில் நட்டு, வாரந்தோறும் கொழுந்து கிள்ளத் தொடங்குகிறவர்கள் பலர். பத்தாண்டுகள் கழிந்தாலும் அந்தக் கன்றின் அடிமரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மேலே மட்டும் அடர்ந்த புதர் ஒன்று உருவாகியிருக்கும். வேர், அடிமரம், முதன்மைக் கிளைகள், துணைக் கிளைகள், நுண்கிளைகள், கடைசியாகத் தொட்டி என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்றுவதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. முந்தைய கட்டம் முடியும் முன் அடுத்ததைத் தொடங்கினால், பின்னர் அதைக் கலைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன்: மரத்தின் வலிமை

பெரிய வெட்டு, கடுமையான வளைப்பு, வேர்க் கவாத்து ஆகிய எல்லாமே மரத்தின் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவுகள். எனவே இலைகள் நல்ல நிறத்துடன் இருந்து, புதிய தளிர்கள் தங்குதடையின்றி நீளும் மரத்தில் மட்டுமே இவற்றைச் செய்ய வேண்டும். இலை வெளிறியோ நுனி காய்ந்தோ இருக்கும் மரத்துக்கு ஓராண்டு முழுவதும் வெயில், தண்ணீர், உரம் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. வேரையும் மேற்பகுதியையும் ஒரே பருவத்தில் கடுமையாக வெட்டுவதையும் தவிர்ப்பது நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை, இலையுதிர் மரங்களில் பெரிய வெட்டுகளைக் குளிர்காலத்தின் முடிவில், மொட்டு விரிவதற்குச் சற்று முன்பு செய்வது வழக்கம். ஆல், இச்சி போன்ற அத்தி இனங்களும் மற்ற வெப்பமண்டல மரங்களும் வெப்பம் ஏறி வளர்ச்சி வேகமாக இருக்கும்போது வெட்டினால் விரைவாகத் துளிர்க்கும். பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு முற்றிலும் தனியான விதி ஒன்று உண்டு. பச்சை இல்லாத பழைய கட்டைவரை அவற்றை வெட்டினால், பெரும்பாலும் அந்தக் கிளை மீண்டும் துளிர்க்காமல் செத்துவிடும். எவ்வளவு வெட்டினாலும் வெட்டுக்குக் கீழே கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்க வேண்டும்.

முதல் படி: வேரடியை அமைத்தல்

அடிமரம் மண்ணைச் சந்திக்கும் இடத்தில் நாற்புறமும் பரந்து தெரியும் வேர்களை ஜப்பானியர் நெபாரி என்பார்கள். அடிமரத்தின் கம்பீரம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே பக்கம் ஒரு தடித்த வேரும் மறுபக்கம் வெறுமையுமாக இருக்கும் தூரை மேலே எவ்வளவு வேலை செய்தாலும் மறைக்க முடியாது.

கன்றை முதல்முறை பிடுங்கும்போதே நேர் கீழே இறங்கும் ஆணிவேரைக் குறைத்துவிட வேண்டும். பக்கவாட்டில் போகும் வேர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை வட்டமாக விரித்து ஒரே மட்டத்தில் படியுமாறு பரப்ப வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிச் செல்லும் வேர்கள், அடிமரத்தைச் சுற்றிக்கொள்ளும் வேர்கள், மேல்நோக்கி வளைந்து முழங்கால் போட்ட வேர்கள் ஆகியவற்றை இந்த வயதில் நீக்குவது எளிது. தடித்த பிறகு நீக்கினால் வடு நிலைத்துவிடும். பல வளர்ப்பாளர்கள் அடிமரத்துக்கு நேர் கீழே தட்டையான ஓடு ஒன்றையோ பலகையையோ வைத்து அதன் மேல் வேர்களைப் பரப்புகிறார்கள். கீழே இறங்க இடமில்லாததால் வேர்கள் பக்கவாட்டில் ஓடித் தடிக்கும். ஒவ்வொரு மறுநடவின்போதும் தடித்த வேரைக் கடுமையாகவும் மெல்லிய வேரை லேசாகவும் வெட்டி வந்தால், காலப்போக்கில் எல்லாம் ஓரளவு சமமாகும்.

வேரடி மோசமாகவும் மேற்பகுதி நன்றாகவும் உள்ள மரத்துக்குத் தரைப் பதியம் சிறந்த தீர்வு. புதிய வேர் வர வேண்டிய மட்டத்தில், அடிமரத்தின் விட்டத்துக்கு ஏறக்குறைய இணையான அகலத்தில் பட்டையை வளையமாக உரித்து, அடியிலுள்ள பச்சைநிறக் கேம்பியப் படலமும் மிஞ்சாதபடி சுரண்ட வேண்டும். சிறு இழை மிஞ்சினாலும் மரம் அதன் வழியே பாலம் கட்டிக் காயத்தை மூடிவிடும், வேர் வராது. உரித்த வளையத்தின் மேல் விளிம்பில் வேர் ஊக்கி தடவி, ஈரம் தாங்கும் கலவையால் மூடி, காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலைகள் செய்யும் உணவு கீழே இறங்க முடியாமல் அந்த மேல் விளிம்பில் தேங்குவதால், அங்கே சுற்றிலும் வேர்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிளம்பும். மேப்பிள், அத்தி இனங்கள் இதற்கு நன்றாக இசையும்.

இரண்டாம் படி: அடிமரத்தைப் பருமனாக்குதல்

அடிமரம் தடிப்பது எப்படி என்பது புரிந்துவிட்டால் பல குழப்பங்கள் நீங்கும். பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் ஆண்டுதோறும் உள்ளே புதிய மரத்தையும் வெளியே புதிய பட்டையையும் சேர்க்கிறது. அதற்கான உணவு மேலே உள்ள இலைகளிலிருந்து வருகிறது. ஆகவே ஓரிடத்துக்கு மேலே எவ்வளவு இலை இருக்கிறதோ, அந்த இடம் அவ்வளவு தடிக்கும். அதற்குக் கீழே உள்ள இலைகள் அந்த இடத்தின் பருமனுக்கு உதவுவதில்லை.

இதனால்தான் தரையில் நட்டு வளர்ப்பதற்கு ஈடான வேறு வழி இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். தரையில் மூன்று நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் பருமன், சிறு தொட்டியில் பல மடங்கு காலம் காத்திருந்தாலும் கிடைக்காமல் போகலாம். தரை இல்லாதவர்கள் அகலமான, ஆழம் குறைந்த மரப்பெட்டியையோ, சுற்றிலும் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையையோ பயன்படுத்தலாம். கூடையின் துளைகளில் காற்றுப்படும் வேர்நுனிகள் காய்ந்து உள்ளே பக்கவேர்களைக் கிளப்புவதால் வேர்த்தொகுதி செறிவாக அமையும். இந்தக் கட்டத்தில் உரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். மேற்பகுதியில் கத்தரி வைக்கவே கூடாது.

பருமன் வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஒரு கிளையைப் பின்னர் வெட்டியெறிவதற்காகவே நீள விடுவது இன்னொரு முறை. தூர் அருகில் இப்படியொரு தற்காலிகக் கிளை ஓடினால், அதற்குக் கீழே உள்ள பகுதி மட்டும் வேகமாகத் தடித்து, அடி அகன்று மேலே மெலியும் வடிவம் இயல்பாகவே கிடைக்கும். இந்தக் கிளையை மரத்தின் பின்புறத்தில் தேர்ந்தெடுத்தால், நீக்கிய பின் வடு முன்னால் தெரியாது. அதன் இலைகள் நாம் வைத்துக்கொள்ளப்போகும் சிறு கிளைகளை மூடி நிழலடித்துவிடாதபடி, அடிமரத்தை ஒட்டிய பகுதியில் இலைகளைக் கழித்துவிட்டு நுனியில் மட்டும் பச்சை இருக்கவிடலாம். ஊசியிலை மரங்களில் இத்தகைய கிளையை ஒரே நாளில் அறுத்துவிடாமல், ஒரு பருவத்தில் பாதி, அடுத்ததில் மீதி என்று குறைத்து நீக்குவது பாதுகாப்பானது.

ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் சக்கரம்போல் கிளம்பினால், அந்த இடம் கீழ்ப்பகுதியைவிட வீங்கிவிடும். மேலே தடித்துக் கீழே மெலிந்த இந்தக் குறையைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம். பைன் மரங்களில் இது அடிக்கடி நேரும். இரண்டைத் தவிர மற்றவற்றை முளையிலேயே நீக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: மேல்நோக்கி மெலியச் செய்தல்

வளர விட்ட மரம் தடிக்கும், ஆனால் கம்பம்போல் நிற்கும். அதற்கு மெலிவையும் வளைவையும் தருவது வெட்டு. அடிமரத்தை உரிய உயரத்தில் வெட்டி, வெட்டுக்கு அருகே கிளம்பும் ஒரு துளிரைப் புதிய தலைமையாக நிமிர்த்தி வளர்த்து, அது போதிய அளவு தடித்ததும் அதையும் வெட்டி, மறுபக்கத் துளிரை அடுத்த தலைமையாக்குவது என்று இந்தச் சுற்று தொடரும்.

எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு உதவும். முடிவடைந்த மரத்தின் உயரம் அதன் தூர் விட்டத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தால் அது வலிமையான தோற்றம் தரும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தூர் 6 செ.மீ. என்றால் மரம் 36 செ.மீ. அளவில் முடியும்; முதல் வெட்டு அதில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 10 முதல் 12 செ.மீ. உயரத்தில் அமையலாம். அடுத்த பகுதி அதைவிடக் குட்டையாகவும், அதற்கடுத்தது இன்னும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பகுதிகளின் நீளம் சமமாக இருந்தால் மரம் ஏணிப்படி வைத்ததுபோல் செயற்கையாகத் தெரியும்.

வெட்டும்போது முதலில் கிடைமட்டமாகவும், திட்டமிட்ட இடத்துக்குச் சற்று மேலேயும் வெட்ட வேண்டும். துளிர் எந்தப் பக்கம் கிளம்பும் என்பது முன்கூட்டித் தெரியாது. வெட்டிய முனை சிறிது கீழ்வரை காய்வதும் உண்டு. தேர்ந்தெடுத்த துளிர் நன்கு நிலைபெற்ற பின், அதன் அடியிலிருந்து எதிர்ப்பக்கம் சரியும்படி மிஞ்சிய கட்டையைச் சாய்வாகச் சீவினால், பழைய மரம் புதியதோடு ஒரே கோட்டில் இணையும். புதிய தலைமை கீழ்ப்பகுதியின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும்வரை அதன் நுனியைத் தொடக்கூடாது. இங்கே அவசரப்பட்டுக் கிள்ளியவர்களின் மரங்களில், தடித்த கட்டையின் மேல் குச்சி செருகியதுபோன்ற தோற்றம் என்றைக்கும் மாறுவதில்லை.

இந்த வெட்டுக் காயங்கள் ஆறுவதிலும் கவனம் தேவை. கூரிய கத்தியால் விளிம்பை வழவழப்பாகச் சீவி, நடுப்பகுதியைச் சற்றுக் குழிவாக்கி, காயப்பசையால் மூட வேண்டும். குழிவாக இருந்தால் சுற்றிலுமிருந்து உருண்டு வரும் புதுப்பட்டை மேடு தட்டாமல் சமமாக மூடிக்கொள்ளும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் விளிம்பு ஓடாமல் நின்றுவிட்டால், பசையை நீக்கி, ஓரத்தை மெல்லிய கோடாக மறுபடி கீறிவிட்டால் வளர்ச்சி மீண்டும் தொடங்கும். காயத்துக்குச் சற்று மேலே ஒரு கிளையை ஓடவிடுவது மூடும் வேகத்தை இன்னும் கூட்டும்.

வளைவைப் பொறுத்தவரை, கன்று மெல்லியதாக இருக்கும்போதே தடித்த கம்பி சுற்றி வளைத்துவிடுவது எளிய வழி. முதல் வளைவு தூரை ஒட்டியே தொடங்க வேண்டும். நேராக ஒரு முழம் எழும்பிய பின் வளையும் மரத்தில் அந்த நேர்பகுதிதான் கண்ணில் படும். வளைவுகள் இடவலமாக மட்டுமின்றி முன்பின்னாகவும் அமைய வேண்டும். மேலே செல்லச் செல்ல வளைவுகளின் இடைவெளி குறைந்துகொண்டே வர வேண்டும்.

பட்டை மட்டும் நம் அவசரத்துக்கு இணங்காது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் 1625 முதல் பயிற்றப்பட்டுவரும் ஜப்பானிய வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சைத் தாங்கி நின்ற அந்த மரத்தை, அதை வளர்த்துவந்த யமாகி குடும்பத்தார் 1976இல் நன்கொடையாக அளித்தார்கள். அத்தகைய முதிர்ந்த மரத்தின் பட்டைக்குக் குறுக்குவழி கிடையாது. நம்மால் முடிந்தது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான். பட்டை வெடிக்கத் தொடங்கிய பைனின் அடிமரத்தில் கம்பி சுற்றுவதையும், அதைத் தேய்த்துக் கழுவுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: முதன்மைக் கிளைகளைத் தேர்ந்தெடுத்தல்

அடிமரம் ஓரளவு முடிந்த பிறகே எந்தக் கிளை நிலைக்கப்போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். முதல் கிளை உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில், வளைவின் வெளிப்புறத்திலிருந்து கிளம்புவது மரபு. வளைவின் உட்புறத்திலிருந்து வரும் கிளை இடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல் தெரியும். இரண்டாவது கிளை எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே, மூன்றாவது பின்புறத்தில் என்று அமைந்தால் ஆழம் கிடைக்கும். பின்கிளை இல்லாத மரம் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாகிவிடும் என்பதால், புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடும் இந்தக் கிளையை நான் முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒரே உயரத்தில் எதிரெதிராக இருக்கும் கிளைகளில் ஒன்று, முன்னால் பார்ப்பவரை நோக்கி நீளும் தாழ்ந்த கிளை, அடிமரத்தைக் குறுக்கே கடக்கும் கிளை, நேர் மேலாகவோ நேர் கீழாகவோ கிளம்பியவை ஆகியவற்றை நீக்கலாம். பருமனும் ஒரு அளவுகோல்: கிளம்பும் இடத்தில் அடிமரத்தின் பாதியைவிடத் தடித்த கிளை அந்த மரத்தையே சிறியதாகக் காட்டும்.

மேலே உள்ள நுனிகள்தான் எப்போதும் வலிமையாக ஓடும். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைப்பதே இதற்குக் காரணம். ஆகவே கீழ்க்கிளைகள் தடிக்கும்வரை அவற்றை வெட்டாமல் ஓடவிட்டு, உச்சியை மட்டும் அடிக்கடி கவாத்து செய்து அடக்க வேண்டும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் ஒரே அளவில் கத்தரித்தால், உச்சி தடித்துக் கீழ்க்கிளைகள் மெல்ல நலிந்து காய்ந்துபோகும்.

ஐந்தாம் படி: கம்பி கட்டுதல்

இளங்கிளை மேல்நோக்கி நிமிரும். முதிர்ந்த கிளை தன் எடையால் தாழ்ந்திருக்கும். அந்த முதுமையைக் கம்பியால் வரவழைக்கிறோம். கற்பவர்களுக்கும் மென்மையான பட்டையுள்ள மரங்களுக்கும் அலுமினியக் கம்பி ஏற்றது. பதப்படுத்திய செம்புக் கம்பி மெல்லியதாக இருந்தாலும் வலுவாகப் பிடிப்பதால் ஊசியிலை மரங்களுக்குப் பயன்படுகிறது. கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது தொடக்க அளவு. தேர்ந்த கம்பித் துண்டைக் கிளையின் மேல் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள்: கம்பி முதலில் வளைந்தால் அது போதாது, இன்னும் தடித்தது வேண்டும்.

ஒரு கம்பியால் அருகருகே உள்ள இரு கிளைகளைக் கட்டுவதே சிறந்த முறை. நடுப்பகுதியை அடிமரத்தில் ஒரு சுற்றாவது சுற்றி நிலைநிறுத்தி, ஒரு முனையை ஒரு கிளைக்கும் மறுமுனையை மற்றொன்றுக்கும் கொண்டுபோக வேண்டும். சுற்றுகள் கிளைக்கு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், ஒன்றோடொன்று குறுக்கிடாமல், பட்டையை ஒட்டியும் ஆனால் இறுக்காமலும் செல்ல வேண்டும். கிளையைக் கீழே தாழ்த்துவதாக இருந்தால், அடிமரத்திலிருந்து வரும் கம்பி கிளையின் மேற்புறமாக முதல் சுற்றைத் தொடங்க வேண்டும். அப்போதுதான் கவட்டையில் கிழியாமல் கம்பி தாங்கிக்கொள்ளும்.

வளைக்கும்போது இரு கைகளின் கட்டைவிரல்களையும் வளைவின் உட்புறத்தில் ஊன்றி, மற்ற விரல்களால் வெளிப்புறத்தைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் வளைத்து நிறுத்தி, மறுபடி கொஞ்சம் வளைக்க வேண்டும். வெளிப்புறத்தில்தான் நார்கள் இழுபட்டு முறியும் என்பதால், கம்பியின் ஒரு சுற்று சரியாக அங்கே அமைந்திருப்பது முக்கியம். மெல்லிய நெறிப்பு விரலுக்குத் தெரிந்தாலோ காதில் விழுந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் விட்டு, பட்டையில் கண்ட வெடிப்பைக் காயப்பசையால் மூடினால் பெரும்பாலும் ஆறிவிடும். சரிசெய்ய எண்ணித் திரும்ப நிமிர்த்தினால்தான் கிளை போய்விடும். தடித்த கிளைகளை வளைக்கும் முன், நீரில் ஊறவைத்த ராஃபியா என்னும் பனைவகை நாரை இறுக்கிச் சுற்றி அதன் மேல் கம்பி கட்டுவார்கள். அதுவும் ஆகாத பருமனுக்கு, ரப்பர்க் குழாய் மேல் கம்பியை மாட்டித் தொட்டியின் விளிம்பிலிருந்து இழுத்துக் கட்டி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக முறுக்கலாம்.

வேகமாக வளரும் அத்தியில் ஒரு மாதத்துக்குள் கூடக் கம்பி பட்டையில் பதிந்துவிடும். ஊசியிலை மரங்களில் ஓராண்டுக்கு மேலும் இருக்க வேண்டியிருக்கலாம். எனவே நாள் கணக்கை நம்பாமல் வாரம் ஒருமுறை கண்ணால் பாருங்கள். நீக்கும்போது கம்பியைத் திருப்பி அவிழ்க்காமல், ஒவ்வொரு சுற்றாக வெட்டி உதிர்த்துவிட வேண்டும். கிளை பழைய நிலைக்குத் திரும்பினால், முந்தைய தடத்தைத் தவிர்த்து மறுபடி கட்டலாம்.

ஆறாம் படி: துணைக் கிளைகள்

தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியைச் சேர்ந்த லிங்னான் மரபினர் கம்பியை அதிகம் நம்பாமல், வளர விட்டு வெட்டும் முறையையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். ஒரு கிளையை வேண்டிய பருமன் வரும்வரை கட்டுப்பாடின்றி ஓடவிட்டு, பிறகு ஓரிரு கணுக்களே மிஞ்சும்படி வெட்டுகிறார்கள். அடுத்த துளிர் வேறு திசையில் கிளம்பும். அதையும் தடிக்கவிட்டு, முந்தையதைவிடக் குட்டையாக வெட்டுகிறார்கள். இப்படி உருவாகும் கோணல்மாணலான, அடிதோறும் மெலியும் கிளையில் இருக்கும் இயல்பைக் கம்பியால் மட்டும் கொண்டுவருவது அரிது. வேகமாகத் துளிர்க்கும் எல்லா அகன்ற இலை மரங்களுக்கும் இந்த முறையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் திசையைக் கொடுக்க மட்டும் ஒருமுறை கம்பி கட்டினால் போதும்.

வெட்டும் இடத்தில் இருக்கும் மொட்டு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, புதிய கிளை அந்தத் திசையிலேயே போகும். பக்கவாட்டில் நோக்கும் மொட்டுக்கு மேலே, சிறிது கட்டை மிஞ்சும்படி வெட்டுங்கள். மேல் நோக்கும் மொட்டையும் கீழ் நோக்கும் மொட்டையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். மேப்பிள் போன்ற எதிரிலை மரங்களில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு துளிர்கள் வரும். அடிமரத்திலிருந்து முதல் கணுவரை உள்ள நீளம் இங்கே மிக முக்கியம். அது நீண்டுவிட்டால் கிளை முதல் பிரிவுக்கே வெகுதூரம் வெறுமையாகச் செல்லும். அதை எத்தனை ஆண்டு கழித்தும் சுருக்க முடியாது. அடியிலேயே வெட்டிவிட்டு, குட்டையான முதல் கணுவுடன் மறுபடி தொடங்குவதே வழி. ஒவ்வொரு கவட்டையிலும் இரண்டு கிளைகளுக்கு மேல் விடாமல் இருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நுண்கிளைகள்

இப்போதுதான் கொழுந்து கிள்ளுதலுக்கு இடம் வருகிறது. தடித்தலை நிறுத்திவிட்டு நுணுக்கத்தைக் கூட்டுகிறோம் என்பதால் உரத்தையும் மாற்ற வேண்டும். வசந்தத்தின் முதல் தளிர்கள் முற்றும்வரை உரத்தைக் குறைத்தால் கணுவிடைகள் குட்டையாக வரும். மேப்பிளில் முதல் இரண்டு இலைகள் விரியும்போதே நடுவிலுள்ள கொழுந்தை இடுக்கியால் எடுத்துவிடுவது வழக்கம். இது முடிந்த மரங்களுக்கே உரியது. தொடர்ந்து செய்தால் மரம் சோர்ந்துவிடும்.

இலைகளை முழுவதும் நீக்கும் முறை, உறங்கும் மொட்டுகளை எழுப்பி, உட்பகுதிக்கு வெளிச்சம் தந்து, சிறிய இலைகளுடன் இரண்டாம் தளிர்ப்பைக் கொண்டுவரும். கோடையின் தொடக்கத்தில், இலைகள் முற்றிக் கெட்டியான பிறகு, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் வெட்ட வேண்டும். காம்பு அதன் கக்கத்திலுள்ள மொட்டைக் காத்துப் பிறகு தானே உதிரும். வேர் வெட்டிய ஆண்டிலும், வலுவற்ற மரத்திலும், ஊசியிலை மரங்களிலும் இதைச் செய்யக்கூடாது. என் பார்வையில் இந்த முறை தேவைக்கு மேல் பயன்படுத்தப்படுகிறது. உச்சியிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பெரிய இலைகளை மட்டும் நீக்கி, வலுவற்ற உட்கிளைகளின் இலைகளை விட்டுவைத்தால், மரத்தின் பலம் தானாகவே சமப்பட்டு அதே பயன் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஊசியிலை மரங்களை ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஜப்பானியக் கரும்பைன் ஓராண்டில் இரண்டு முறை தளிர்க்க வல்லது. ஆகவே வலுவான மரத்தில் வசந்தத்தில் நீண்ட தளிர்க்குருத்துகளைக் கோடையின் முற்பகுதியில் அடியோடு வெட்டினால், அந்த இடத்தில் புதிய மொட்டுகள் கிளம்பிக் குட்டையான ஊசிகளைத் தரும். மிஞ்சியவற்றில் ஓரிடத்துக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பைன் ஒருமுறைதான் தளிர்க்கும் என்பதால் அதில் இதைச் செய்தால் அந்த ஆண்டின் வளர்ச்சி முழுவதும் போய்விடும். ஜூனிபரின் பலம் அதன் பச்சையிலேயே இருக்கிறது. எல்லா நுனிகளையும் கிள்ளினால் மரம் மெலியும். கோட்டைத் தாண்டி நீண்டு ஓடும் தளிர்களை மட்டும் அடிக்குச் சென்று கத்தரியால் எடுப்பது போதும்.

கிளை இல்லாத இடத்தில் கிளை

வேண்டிய இடத்தில் மொட்டு வரவில்லை என்றால், அதே மரத்தின் நீண்ட மெல்லிய தளிர் ஒன்றை அடிமரத்தின் ஊடே துளையிட்டுச் செலுத்தும் ஒட்டுமுறை கைகொடுக்கும். தளிரின் மொட்டுகள் தடையின்றி நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, மொட்டு அசையாதிருக்கும் காலத்தில் செலுத்தி, வெளியேறும் பக்கத்தில் பசையிட்டு அடைக்க வேண்டும். தளிர் தடித்துத் துளையின் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியேறிய பகுதி நுழைந்த பகுதியைவிடத் தெளிவாகத் தடித்திருந்தால் ஒட்டு உயிர்ப்பிடித்துவிட்டது; அப்போது நுழையும் பக்கத்தை அறுத்துவிடலாம். தாய்மரத்தின் வேரிலேயே தளிர் உணவு பெற்றுக்கொண்டிருப்பதால், இதில் தோல்வி குறைவு.

உலர்மரம்: ஜின், ஷாரி

பட்டை உரித்து வெளுக்க விடப்பட்ட கிளையை ஜின் என்றும், அடிமரத்தில் பட்டையின்றி உலர்ந்து ஓடும் பகுதியை ஷாரி என்றும் அழைக்கிறார்கள். ஜூனிபர், பைன் ஆகியவற்றின் மரம் பிசின் செறிந்து நீண்டகாலம் நிலைப்பதால் அவற்றுக்கு இது பொருந்தும். அத்தியின் மரம் மென்மையானது, விரைவில் மட்கிவிடும். நீக்க நினைத்த தடித்த கிளையை உடனே வெட்டியெறியாமல் ஜின்னாக்க முடியுமா என்று முதலில் யோசிப்பது நல்லது. அடியில் சுற்றிலும் பட்டையை வெட்டி, மேலே உள்ளதை உரித்துவிட்டு, நுனியை இடுக்கியால் பிளந்து நார்களைக் கீழ்நோக்கிக் கிழித்தால், காற்றில் முறிந்ததுபோன்ற இயற்கையான தோற்றம் வரும். மின்கருவியால் செதுக்கிய குழிகளைவிட இந்தக் கிழிப்பே கண்ணுக்கு உண்மையாகத் தெரிகிறது.

ஷாரி செய்யும் முன், எந்தக் கிளைக்கு எந்த வேரிலிருந்து உயிர்நரம்பு (நீரும் உணவும் செல்லும் உயிருள்ள பட்டைப் பகுதி) செல்கிறது என்பதைத் தடமறிந்து சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு குறுகிய கோடாகத் திறந்து, மரம் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் அகலப்படுத்தினால் உயிருள்ள பகுதி ஓரங்களில் புடைத்து எழும்பும். நன்கு காய்ந்த மரத்தை லேசாக நனைத்து, சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைத் தூரிகையால் பூசினால் பூஞ்சை அண்டாது, மரம் வெண்மையாகும். கடுமையாக நாறும், தோலையும் கண்ணையும் தாக்கும் என்பதால் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். மண்ணில் சொட்டாதபடி வேரடியை மூடிவிட வேண்டும்.

தொட்டிக்கு மாற்றும் நேரம்

வடுக்கள் பெரும்பாலும் மூடி, முதன்மைக் கிளைகள் வேண்டிய பருமனை எட்டி, இரண்டு மூன்று பிரிவுகள் உருவான பின்னரே ஆழம் குறைந்த போன்சாய்த் தொட்டியைத் தேட வேண்டும். தொட்டி சுருங்கியதும் தடித்தல் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒரு கிளை மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்தால், மரத்தை மறுபடி பெட்டிக்கு மாற்றி ஓரிரு பருவங்கள் ஓடவிட வேண்டியிருக்கும். பெட்டியிலிருந்து தொட்டிக்கு ஒரே தாவலாகச் செல்லாமல், இடைப்பட்ட அளவுள்ள கலம் ஒன்றில் வைத்து, ஒவ்வொரு மறுநடவிலும் தடித்த வேர்களைக் குறைத்து, தூரை ஒட்டிய நுண்வேர்களைப் பெருக்கிக்கொண்டால், கடைசி மாற்றத்தின்போது வெட்ட வேண்டிய பெரிய வேர் எதுவும் மிஞ்சியிருக்காது.